ஆஸ்துமா முற்றினால் தொண்டையில் டியூப் எப்போது போடுவார்கள்? ஐசியூ வாசலில் என்னிடம் கேட்ட கேள்விகள்

சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையின் ஐசியூவில் பதினான்கு வருடம் தாதியாக வேலை பார்த்தேன். நம் ஆட்கள் யாரையாவது கொண்டுவந்து சேர்த்தால், "தமிழ் தெரிஞ்ச தாதி யாராவது இருக்காங்களா" என்று தேடி என்னைத்தான் வெளியே அனுப்புவார்கள். அங்கே நாற்காலியில் மனைவி இருப்பார், அம்மா இருப்பார், சில சமயம் தங்குவிடுதியிலிருந்து கூடவே வந்த அறைத்தோழன் மட்டும் இருப்பான். கேள்விகள் மட்டும் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். இது பொதுவான விளக்கம், உங்கள் டாக்டர் உங்களைப் பார்த்துச் சொல்வதற்கு மாற்று இல்லை. இப்போது பக்கத்தில் யாராவது மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தால் படிப்பதை நிறுத்திவிட்டு 995-ஐ அழையுங்கள், மீதியை அப்புறம் பார்க்கலாம்.

டியூப் என்றால் என்ன, எங்கே போகிறது?

சுண்டுவிரல் தடிமனுக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய். வாய் வழியாக, குரல் நாண்களுக்கு நடுவே புகுந்து மூச்சுக்குழாயில் போய் நிற்கும். வெளியே இருக்கும் முனை வெண்டிலேட்டரோடு, அதாவது மூச்சுக் கொடுக்கும் மெஷினோடு இணைந்திருக்கும். கழுத்தில் ஓட்டை போடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அது வேறு, ஆஸ்துமாவுக்கு அது அபூர்வம். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டியூப் ஆஸ்துமாவைக் குணப்படுத்தாது. ஸ்டீராய்டும் மற்ற மருந்துகளும் வேலை செய்து முடிக்கும்வரை களைத்துப்போன மனிதருக்குப் பதிலாக மெஷின் மூச்சு விடுகிறது, அவ்வளவுதான்.

ஆஸ்துமா அதிகமாகி ஏ அண்ட் ஈ (மருத்துவமனை அவசரப் பிரிவு) போனாலே டியூப் போட்டுவிடுவார்களா?

இல்லை. வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் நெபுலைசர் (மருந்தைப் புகைபோல ஆக்கி மூச்சில் கொடுக்கும் கருவி) வைத்து, மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், இல்லையென்றால் ஓரிரு நாள் வார்டில் தங்குகிறார்கள். டியூப்புக்கு முன்னால் பல படிகள் இருக்கின்றன. காற்றுக்குழாயைத் தளர்த்தும் மருந்துகளான சால்பியூட்டமாலும் இப்ராட்ரோப்பியமும் கலந்து நெபுலைசரில் திரும்பத் திரும்பக் கொடுப்பார்கள். ஆக்சிஜன் வைப்பார்கள், பெரியவர்களுக்குப் பொதுவாக 93 முதல் 95 சதவீதத்தில் நிறுத்தப் பார்ப்பார்கள். ஸ்டீராய்டு மாத்திரையாகவோ ஊசியாகவோ முதல் மணி நேரத்திலேயே போய்விட வேண்டும், ஏனென்றால் அது வேலை காட்டவே சில மணி நேரம் ஆகும். அதிலும் அசையவில்லை என்றால் மெக்னீசியம் சல்பேட் 2 கிராம், நரம்பு வழியாக, சுமார் 20 நிமிடத்தில். இறால், வேர்க்கடலை மாதிரி ஏதாவது சாப்பிட்டு ஒவ்வாமையில் கிளம்பிய திணறல் என்றால் தொடையில் அட்ரினலின் ஊசி. இத்தனைக்கும் அடங்காதவர்களைப் பற்றித்தான் இந்தப் பக்கம்.

அப்படியானால் "இனி டியூப்தான்" என்று எப்போது முடிவெடுக்கிறார்கள்?

சில நிலைமைகளில் யோசிக்கவே இடமில்லை. மூச்சு நின்றுவிட்டது, இதயம் நின்றுவிட்டது, கூப்பிட்டால் எழவில்லை என்றால் உடனே போட வேண்டியதுதான்.

மற்ற நேரங்களில் டாக்டர்கள் பார்ப்பது களைப்பை. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டு ஆட்கள் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. ஒருவர் வரும்போது நிமிடத்துக்கு முப்பது மூச்சு வாங்குகிறார், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார், தோள் ஏறி இறங்குகிறது, ஒரு வார்த்தை சொல்லி நிறுத்தி மூச்சு எடுத்து அடுத்த வார்த்தை சொல்கிறார். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் அவர் இன்னும் போராடிக்கொண்டிருக்கிறார். ஒரு மணி நேரம் கழித்து அதே ஆள் அமைதியாகிறார், கண் சொருகுகிறது, மூச்சு பதினெட்டுக்கு இறங்குகிறது, நெஞ்சில் கேட்ட விசில் சத்தமும் அடங்கிவிட்டது. அம்மா "அப்பாடா, பிள்ளை தூங்குறான்" என்கிறார். நாங்கள் ஓடுவது அந்த நேரத்தில்தான்.

விசில் சத்தம் வரவேண்டும் என்றாலும் காற்று ஓட வேண்டுமே. ஸ்டெதஸ்கோப் வைத்தால் நெஞ்சில் ஒன்றுமே கேட்கவில்லை என்றால், காற்றே போய்வரவில்லை என்று அர்த்தம். அதோடு குழப்பம் சேரும்: மாஸ்க்கைப் பிடுங்கி எறிவார், மனைவியிடம் எரிந்து விழுவார், எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. "அவருக்கு எப்பவுமே கோபம் ஜாஸ்தி சிஸ்டர்" என்று ஒரு அம்மா என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அது கோபமில்லை, மூளைக்குக் கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டிருந்தது.

ஆக்சிஜன் கொடுத்தும் அளவு இறங்குகிறதா, ரத்த அழுத்தம் விழுகிறதா, உதடு நீலம் பூக்கிறதா, ரத்தப் பரிசோதனை ஒவ்வொரு முறையும் மோசமாகிறதா, இவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். இந்த எண் வந்தால் டியூப் என்று ஒரு கோடு கிடையாது. அனுபவமுள்ள டாக்டர் கட்டிலின் கால்மாட்டில் நின்று இரண்டு நிமிடம் முகத்தையே பார்த்துவிட்டுச் சொல்வதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

"கார்பன் டை ஆக்சைடு நார்மல்" என்று சொல்லிவிட்டு ஏன் எல்லோரும் பதறினார்கள்?

நல்ல கேள்வி. ரத்தத்தில் அதன் சாதாரண அளவு 35 முதல் 45 மில்லிமீட்டர் பாதரசம். வேகவேகமாக மூச்சு விடுகிற ஆளுக்கு அது வெளியே அடித்துப் போய் 35-க்குக் கீழே இருக்க வேண்டும். அப்படித் திணறுகிறவருக்கு 42 என்று வந்தால், காகிதத்தில்தான் நார்மல். நீங்கள் ஐந்தாம் மாடியில் நின்று மின்தூக்கியின் எண்ணைப் பார்க்கிறீர்கள், 4 என்று காட்டுகிறது, ஆனால் அது நாலில் நிற்கவில்லை, மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. அதே மாதிரிதான். தசைகள் தோற்க ஆரம்பித்துவிட்டன என்பதன் முதல் தடயம் அந்த "நார்மல்".

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. 55 என்று வந்தாலும் ஆள் தெளிவாகப் பேசுகிறார், மருந்துக்குப் பிறகு முகம் தெளிகிறது என்றால் கொஞ்சம் பொறுத்து இன்னொரு பரிசோதனை எடுப்பார்கள். மருந்திலேயே இறங்கி வந்தவர்களும் நிறைய.

வீட்டில் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஆக்சிஜன் 96 என்று காட்டுகிறதே, அப்புறம் என்ன பயம்?

2021-இல் தெமாசெக் அறநிறுவனம் வீட்டுக்கு ஒன்று கொடுத்ததே, அது இன்னும் பல வீடுகளில் மேசை இழுப்பறைக்குள் கிடக்கிறது. கோவிட்டுக்கு உதவியது உண்மை. ஆஸ்துமாவில் அதை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது, ஏனென்றால் ஆக்சிஜன் அளவு விழுவது கடைசிக் கட்டத்தில். அதற்கு முன்பே ஆள் சோர்ந்திருப்பார். தவிர, கறுத்த தோலில் இந்தக் கருவி உண்மையான அளவைவிடக் கூடுதலாகக் காட்டலாம் என்று ஆய்வுகளே சொல்கின்றன, நம்மில் பலருக்கு அது பொருந்தும். ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள், அது 96-ஐவிட நல்ல அளவுகோல். பீக் ஃப்ளோ மீட்டர் (மூச்சை வேகமாக ஊதி அளக்கும் சின்னக் கருவி) வைத்திருந்தால், உங்கள் சிறந்த அளவில் பாதிக்குக் கீழே போனால் கடுமை, மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனால் உயிருக்கு ஆபத்து.

முகத்தில் இறுக்கமாக மாட்டும் மாஸ்க் மெஷின் போதாதா?

பைபேப் என்பார்கள். விழிப்பாக, ஒத்துழைக்கக்கூடிய நிலையில் இருப்பவருக்கு முயன்று பார்ப்பார்கள், பலருக்கு அதுவே டியூப்பைத் தவிர்த்துவிடுகிறது. ஆனால் வாந்தி எடுக்கிறவருக்கும் குழம்பிப்போனவருக்கும் அது சரிப்படாது. மாஸ்க்கைப் பிடுங்குகிறாரே என்று மயக்க மருந்து கொடுத்து அமர்த்திவிட்டு அதில் நாள் கடத்துவதும் ஆபத்து. அதனால்தான் பைபேப் போட்டவரை ஐசியூவிலோ தீவிரக் கண்காணிப்புப் பிரிவிலோ வைத்து, கண்ணெடுக்காமல் பார்க்கிறோம்.

எப்படியும் போடப் போகிறார்கள் என்றால் முன்கூட்டியே போட்டுவிட வேண்டியதுதானே, ஏன் தயங்குகிறார்கள்?

தயங்கத்தான் வேண்டும். நிமோனியா நோயாளிக்கு டியூப் போடுவதும் ஆஸ்துமா நோயாளிக்குப் போடுவதும் ஒன்றல்ல. ஆஸ்துமாவில் காற்று எப்படியோ உள்ளே போய்விடும், வெளியே வருவதுதான் பாடு. மெஷின் தள்ளும் மூச்சு முழுவதும் வெளியேறும் முன்பே அடுத்த மூச்சு உள்ளே போகும், அதன்மேல் இன்னொன்று. நுரையீரல் உப்பிக்கொண்டே போய் இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தையே நெருக்கிவிடும், ரத்த அழுத்தம் தடாலென்று விழும். சில சமயம் நுரையீரலில் கிழிசல் விழுந்து, காற்று வெளியே கசிந்து நெஞ்சுக்குள் சேரும், அப்போது விலாவில் இன்னொரு குழாய் போட வேண்டிவரும். போதாக்குறைக்கு, தொண்டைக்குள் பிளாஸ்டிக் போவதே காற்றுக்குழாயை உறுத்தி இன்னும் இறுக்கலாம்.

டியூப் போட்டவருக்குத் திடீரென்று ரத்த அழுத்தம் விழுந்தால் நாங்கள் முதலில் செய்வது என்ன தெரியுமா? மெஷினைக் கழற்றிவிடுவது. டியூப்பைத் திறந்து வைத்து, தேங்கிய காற்று "புஸ்ஸ்" என்று வெளியேறக் காத்திருப்போம். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்த ஒரு அண்ணன் "மெஷினைப் புடுங்கிட்டாங்க" என்று கத்தி வார்டையே கூட்டிவிட்டார். அவர்மேல் தப்பில்லை. யாரும் அவரிடம் முன்பே சொல்லவில்லை.

ஆக, சீக்கிரம் போட்டாலும் ஆபத்து, மூச்சு நின்றபிறகு போட்டாலும் ஆபத்து. நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது, அதைப் பிடிப்பதற்குத்தான் அத்தனை பேர் கட்டிலைச் சுற்றி நிற்கிறார்கள்.

போடும்போது வலிக்குமா, தெரியுமா?

தெரியாது. முதலில் மயக்க மருந்து, ஆஸ்துமாவுக்குப் பெரும்பாலும் கெட்டமின், அது காற்றுக்குழாயையும் கொஞ்சம் தளர்த்தும். கூடவே தசைகளைத் தளர்த்தும் மருந்து. பிறகு ஒரு நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும். அந்த அறையில் இருப்பவர்களிலேயே மிக அனுபவசாலிதான் போட வேண்டும், இது கற்றுக்கொள்ள ஏற்ற நேரம் இல்லை. பெரியவர்களுக்கு முடிந்தவரை அகலமான டியூப்பாகத் தேர்ந்தெடுப்பார்கள், சளியை உறிஞ்சவும் காற்று வெளியேறவும் அதுதான் வசதி.

மெஷின் ஏன் இவ்வளவு மெதுவாக மூச்சு விடுகிறது? ரிப்போர்ட்டில் கார்பன் டை ஆக்சைடு கூடியிருக்கிறதே?

வேண்டுமென்றேதான். நிமிடத்துக்கு ஆறிலிருந்து பத்து மூச்சு, அதுவும் சின்னச் சின்னதாக, நடுவில் நீண்ட இடைவெளி விட்டு. தேங்கிய காற்று வெளியேற நேரம் கொடுக்கிறார்கள். அதனால் கார்பன் டை ஆக்சைடு ஏறும், அதைப் பொறுத்துக்கொள்கிறார்கள். முன்பெல்லாம் அளவை நார்மலுக்குக் கொண்டுவந்தே தீருவேன் என்று மெஷினை வேகமாக ஓட்டி, நுரையீரலை வெடிக்கவைத்துவிட்டுத் தவித்திருக்கிறார்கள். 1984-இல் சுவிட்சர்லாந்தின் தரியோலி, பெரே என்ற இரண்டு மருத்துவர்கள், குறைவாக மூச்சுக் கொடுத்து கார்பன் டை ஆக்சைடு கூடினாலும் விட்டுவிட்டு, ஒருவரையும் இழக்காமல் காப்பாற்றியதை எழுதினார்கள். இன்று உலகம் முழுக்க அந்த வழிதான்.

எத்தனை நாள் இருக்கும்? எடுக்க முடியாமல் போய்விடுமா?

"டியூப் போட்டா திரும்ப எடுக்க மாட்டாங்களாமே" என்று கேட்காத குடும்பம் இல்லை. தாத்தாவுக்கோ பாட்டிக்கோ கடைசி நாட்களில் பார்த்ததை மனதில் வைத்துக் கேட்கிறார்கள். ஆஸ்துமா அப்படி இல்லை. காற்றுக்குழாயின் இறுக்கம் தளர்ந்ததும் எடுத்துவிடலாம், பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாள், சிலருக்கு ஒரு வாரம் தாண்டும். மருத்துவமனைக்கு வருவதற்குள்ளேயே இதயம் நின்று மூளை பாதிக்கப்பட்டவர்கள்தான் உண்மையில் கவலைக்குரியவர்கள். எடுத்தபிறகு குரல் கரகரக்கும், தொண்டை வலிக்கும், கை கால் சோர்ந்து மாடிப்படி ஏறவே கஷ்டமாக இருக்கும் (ஸ்டீராய்டும் தசை தளர்த்தும் மருந்தும் சேர்ந்தால் அப்படி ஆகலாம்). சிலருக்கு அந்த நாட்களைப் பற்றிக் கெட்ட கனவு வரும். வந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

மயக்கத்தில் இருக்கும்போது பேசினால் கேட்குமா?

பேசுங்கள். கேட்கிறதா இல்லையா என்று எனக்கு அறுதியிட்டுச் சொல்ல முடியாது, ஆனால் மனைவி குரல் கேட்டு நாடித்துடிப்பு மாறுவதைப் பார்த்திருக்கிறேன். மயக்கம் குறைக்கும் நேரத்தில் டியூப் இருப்பதால் பேச வராது, பேனா கேட்பார்கள். ஒருவர் நடுங்கும் கையால் ஏதோ எழுதினார், அந்த ஷிப்ட்டில் யாருக்கும் படிக்கத் தெரியவில்லை, நான் மறுநாள் வந்து பார்த்தால் "தாகம்" என்று தமிழில் எழுதியிருந்தது. அதனால் தண்ணீர், வலி, குளிர், மூச்சு என்று நாலைந்து சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிதாக எழுதிக் கட்டிலருகே ஒட்டிவிட்டுப் போங்கள். கையைத் துணியால் மெல்லக் கட்டியிருந்தால் கோபப்படாதீர்கள், அரைமயக்கத்தில் டியூப்பைப் பிடுங்கிவிடாமல் இருக்கத்தான்.

குழந்தைகளுக்கும் இப்படித்தானா?

குழந்தைகளுக்கு இன்னும் அபூர்வம். கவனிக்க வேண்டியவை மட்டும் வேறு: விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளே குழிவது, பால் குடிக்காதது, அழக்கூட முடியாதது, விளையாடுகிற பிள்ளை ஒரு மூலையில் சுருண்டு கிடப்பது. கேகே மருத்துவமனையில் குழந்தைகளுக்கென்றே ஐசியூ இருக்கிறது.

யாராவது கையெழுத்துப் போட வேண்டுமா? பெரியவர்கள் வரும்வரை காத்திருப்பார்களா?

உயிர் போகும் நேரத்தில் காத்திருக்க மாட்டார்கள், காத்திருக்கவும் கூடாது. நோயாளிக்கு எது நல்லதோ அதை டாக்டர்கள் செய்வார்கள். உங்களுக்கு அப்புறம் விளக்குவார்கள். ஊரில் இருக்கும் மாமாவிடம் போனில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றால், அதற்குள் முடிந்திருக்கும்.

பில்?

வார்டு வகுப்பையும் குடியுரிமையையும் பொறுத்தது, அதனால் இங்கே தொகை சொல்வதற்கில்லை. சிங்கப்பூரின் தேசிய மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃபில் ஐசியூ நாளுக்குச் சாதாரண வார்டைவிடக் கூடுதல் வரம்பு உண்டு. ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர்களுக்கு முதலாளி எடுக்கும் மருத்துவக் காப்புறுதி, 1 ஜூலை 2023 முதல் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 சிங்கப்பூர் வெள்ளி. தம்பிகள் பலர் "கம்பெனிக்குச் செலவு வைக்கக் கூடாது" என்று ஏ அண்ட் ஈ போகாமல் படுத்துக் கிடக்கிறார்கள், அவர்களிடம் இதைச் சொல்லுங்கள். மற்றவர்கள் மருத்துவ சமூக ஊழியரைப் பார்க்க வேண்டும் என்று வார்டிலேயே கேட்கலாம்.

ஒருமுறை டியூப் போட்டவருக்கு மறுபடியும் இந்த நிலைமை வருமா?

வரலாம். ஆஸ்துமாவில் உயிரிழக்கும் அபாயம் யாருக்கு அதிகம் என்று பார்த்தால், முன்பு ஒருமுறை வெண்டிலேட்டரில் இருந்தவர்கள் பட்டியலின் உச்சியில் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் செய்த ஆய்வுகளில் சீனர்களைவிட மலாய்க்காரர்களும் இந்தியர்களும் ஆஸ்துமாவால் மருத்துவமனையில் சேர்வது கூடுதலாகவே இருந்திருக்கிறது.

நான் பார்த்தவரை கதை ஒரே மாதிரி. சட்டைப்பையில் மூச்சு முட்டும்போது உடனே எடுக்கும் நீல இன்ஹேலர் எப்போதும் இருக்கும். தினமும் எடுக்க வேண்டிய ஸ்டீராய்டு இன்ஹேலர் அலமாரியில் பிரிக்காமல் இருக்கும். "ஸ்டீராய்டு பழகிடும், எலும்பு போயிடும்" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். இன்ஹேலரில் வருவது மைக்ரோகிராம் கணக்கு. மூச்சு முட்டி ஏ அண்ட் ஈ போனால் கொடுக்கும் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை மில்லிகிராம் கணக்கு, ஒரு மில்லிகிராம் என்பது ஆயிரம் மைக்ரோகிராம். ஸ்டீராய்டுக்குப் பயந்து இன்ஹேலரை ஒதுக்கியவர்தான் கடைசியில் அதிக ஸ்டீராய்டு வாங்குகிறார்.

நீல இன்ஹேலரை மட்டுமே நம்பிக் காலம் தள்ளுவதை உலக ஆஸ்துமா வழிகாட்டி 2019 முதல் பரிந்துரைப்பதில்லை. மாதம் ஒரு நீல டப்பாவுக்கு மேல் தீர்ந்தால் அது அபாய விளக்கு. மருத்துவமனையிலிருந்து வந்து ஒரு வாரத்துக்குள் டாக்டரைப் பாருங்கள், கையில் எழுதிய ஆஸ்துமா செயல்திட்டம் கேட்டு வாங்குங்கள், பலதுறை மருந்தகத்தில் ஆஸ்துமா சிகிச்சைக்கு மெடிசேவ் (மருத்துவச் செலவுக்கான உங்கள் சேமிப்புக் கணக்கு) பயன்படுத்தலாம். சிலருக்கு ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வகை வலி மாத்திரையே திணறலைக் கிளப்பும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் நேரத்தில் அவர் கீழே ஒரு நடை போய்வரட்டும், சாமி கோபித்துக்கொள்ளாது. புகைமூட்டக் காலத்தில் இன்னும் கவனம், 21 ஜூன் 2013 அன்று காற்றின் மாசை அளக்கும் பிஎஸ்ஐ குறியீடு 401-ஐத் தொட்டதை இங்கே இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

995 அழைத்தாயிற்று, வரும்வரை என்ன செய்வது?

படுக்க வைக்காதீர்கள், நிமிர்த்தி உட்காரவைத்துக் கொஞ்சம் முன்னால் சாயவிடுங்கள். நீல இன்ஹேலரை ஸ்பேசரில் (மருந்து உள்ளே தங்கி நிற்கும் பிளாஸ்டிக் குடுவை) மாட்டி, ஒரு பஃப் அழுத்தி நாலைந்து மூச்சு இழுக்கவிட்டு, பிறகு அடுத்த பஃப். இப்படி நான்கிலிருந்து பத்து பஃப் வரை. உதவி வரவில்லை என்றால் 20 நிமிடத்தில் மறுபடியும். செயல்திட்டத்தில் வேறு அளவு எழுதியிருந்தால் அதன்படி. பதற்றமாக இருக்கிறாரே என்று தூக்க மாத்திரை கொடுக்கவே கூடாது. கஷாயம், ஆவி, நெஞ்சில் தைலம் எதுவும் வேண்டாம். டாக்சி பிடித்துப் போய்விடலாம் என்று கிளம்பாதீர்கள், பிஐஇ விரைவுச்சாலை நெரிசலில் மாட்டினால் டாக்சியில் ஆக்சிஜன் கிடையாது.

ஒருவர் கீழே போய் மின்தூக்கியைப் பிடித்து வைக்கட்டும். இன்னொருவர் எல்லா இன்ஹேலர்களையும் மாத்திரைகளையும் ஒரு பையில் போடட்டும். அவசர ஊர்தி ஊழியர் வாசலில் வந்ததும் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம்: "ஆஸ்துமா, முன்னாடி ஒரு தடவை இன்டியுபேட் பண்ணியிருக்காங்க" (டியூப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்; அப்படிப் போட்டிருந்தால் மட்டும்). பெயர், வயது, வேறு நோய் எல்லாம் அதற்கு அப்புறம் சொன்னால் போதும்.